உதட்டில் கொக்கி எதற்கு, டாக்டர்?

கேள்வி: கீழ் இடது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் நடக்கிறது. போன வாரம் உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, பல்லுக்குள் ஊசி போல ஒன்றை விட்டார்கள். பக்கத்தில் இருந்த பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்தியது. அப்புறம் எக்ஸ்ரே வேறு, அதுவும் இரண்டு! அட்டையில் 20.5, 20, 19 என்று எழுதித் தந்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயிலேயே பல் தெரிகிறதே, மெஷின் எதற்கு, பில்லை ஏற்றவா? கரண்ட் வைக்கிறார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பில்லைச் சந்தேகப்படுவது தப்பே இல்லை. ஆனால் இந்த மெஷினைச் சந்தேகப்படாதீர்கள்.

அட்டையில் இருப்பவை மில்லிமீட்டர் கணக்கு. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குள் பெரும்பாலும் நரம்பு ஓடும் மூன்று கால்வாய்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம். நீங்கள் சொன்ன ஊசிதான் ஃபைல், கால்வாயைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் கம்பி. அதில் கோத்த குட்டி ரப்பர் வளையத்தைப் பல்லின் மேல்முனையில் தொடவைத்து அளப்போம். எதுவரை என்பதில்தான் சிக்கல். எக்ஸ்ரே வெறும் நிழல். அதில் வேரின் நுனி தெரியும், நரம்பு நுழையும் துவாரம் தெரியாது. பலருக்கு அந்தத் துவாரம் நுனிக்கு அரை, ஒரு மில்லிமீட்டர் முன்பே பக்கவாட்டில் திறந்திருக்கும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மஞ்சக்குப்பத்தில் கிளினிக் திறந்த புதிதில் என்னிடம் மெஷின் கிடையாது. தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவருக்கு மேல் முன்பல். எக்ஸ்ரேயில் நுனிவரை போயிருக்கிறேன் என்ற நிம்மதியில் ஃபைலைத் தேய்த்துவிட்டேன். மறுநாள் காலை நான் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார், மேலுதடு வீங்கி மூக்கைத் தொடுகிறது. திட்டவில்லை. “ஈயக்குண்டு தரை தட்டினதும் கயித்த நிறுத்தணும் டாக்டரம்மா, நீங்க சேத்துக்குள்ள விட்டுட்டீங்க” என்றார். அந்த மாதமே கடன் வாங்கி மெஷின் வாங்கினேன். (முன்னதாகவே நிறுத்தினாலும் வம்புதான். அடியில் அழுகல் தங்கி, பிறகு சீழ் பிடிக்கும்.)

அந்தப் பெட்டியின் பெயர் ஏபெக்ஸ் லொகேட்டர். வேரைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் வாயின் உட்தோலுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய மாறுவதில்லை என்பதை 1942-இல் ஜப்பானில் சுசுகி என்ற ஆய்வாளர் கண்டார். 1962-இல் சுனாடா அதையே பல்லை அளக்கும் வழியாக்கினார். சுமார் 6,500 ஓம், எந்தப் பல்லானாலும், எந்த வயதானாலும். தடை அந்த அளவைத் தொட்டதும் ஃபைல் முனை சவ்வை எட்டிவிட்டது என்று பெட்டி கண்டுபிடிக்கும். இப்போதைய மெஷின்கள் கணக்குப் போடும் விதம் மாறிவிட்டது, அடிப்படை அதுதான். மின்சுற்று முழுமையாக வேண்டுமே, அதற்குத்தான் உதட்டுக் கொக்கி. போகும் மின்சாரம் நமக்கு உறைக்கவே உறைக்காது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரி, பிறகு எக்ஸ்ரே ஏன்? மெஷினும் பொய் சொல்லும். உலோகக் கேப்பிலோ பழைய வெள்ளி அடைப்பிலோ ஃபைல் உரசினால், எச்சில் புகுந்தால், அவசரப்பட்டுக் கத்திவிடும். அதனால் படமும் எடுத்துச் சரிபார்ப்போம். உங்கள் பல்லில் முன்வேரின் இரண்டு கால்வாய்களும் நேர்ப் படத்தில் ஒன்றின் பின் ஒன்று ஒளிந்துகொள்ளும். எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தால்தான் பிரிந்து தெரியும். இரண்டாவது படம் அதற்காக இருக்கலாம்.

அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த முறை போவதற்குள் முறுக்கு கிறுக்கு கடித்து அந்தப் பல்லின் முனை உடைந்துபோனால், நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். அந்த எண்கள் அந்த முனையிலிருந்து அளந்தவை.