தனியாக இருக்கும் நாய்க்கு எந்தப் புதிர்ப் பொம்மை?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பகலில் ஆறு மணி நேரம் ஃபிளாட்டில் தனியாக இருக்கிறான். செருப்பு, சோபா முனை எதையும் விடுவதில்லை. ஆன்லைனில் ‘லெவல் 3’ என்று போட்ட மரப் பசில் வாங்கினோம். முதல் நாளே எல்லா மூடியையும் திறந்துவிட்டான். மறுநாள் நாங்கள் இல்லாதபோது ஒரு மூடியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டான். அடுத்து என்ன வாங்கலாம்? (வாசகர், கோவை)

முதலில் அந்தத் துண்டு கிடைத்ததா என்று பாருங்கள். கிடைக்கவில்லை, அதோடு வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் நெளிவது, மலம் வராமல் முக்குவது என்று எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். மரமும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. மிச்சமிருக்கும் மூடியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் அவருக்கு உதவியாக இருக்கும்.

சரி, பொம்மைக்கு வருவோம். மூடியைத் தள்ளி, கட்டையைத் தூக்கித் தீனி எடுக்கும் பசில்கள் எல்லாம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தர வேண்டியவை. இவற்றைப் பரவலாக்கிய சுவீடனின் நீனா ஓட்டோசன் பொம்மைகளிலும் ஆள் மேற்பார்வை வேண்டும் என்றுதான் போட்டிருக்கும். ‘லெவல்’ எண் புதிர் எவ்வளவு சிக்கல் என்பதைச் சொல்லும்; உங்கள் நாயின் பல்லுக்குத் தாங்குமா என்பதைச் சொல்லாது. எனவே கடையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இது நாம் வீட்டில் இருக்கும்போதா, இல்லாதபோதா என்பதைத்தான்.

தனியாக விட, உள்ளே தீனி அடைக்கும் கெட்டி ரப்பர் பொம்மைதான் என் தேர்வு. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஃபோக்ஸ்வாகன் வேனிலிருந்து கழற்றிய ஒரு ரப்பர் பாகத்தை அது விடாமல் கடித்ததைப் பார்த்துத்தான் அவர் ‘காங்’ பொம்மையை உருவாக்கினார். உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கென்றே பிறந்த பொருள் என்று சொல்லலாம். அதில் சிவப்பு சாதாரண ரகம், கறுப்பு முரட்டுக் கடிக்காரர்களுக்கு. வேறு கம்பெனி வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள். பொம்மை முழுதாகக் கடைவாய்க்குள் போகக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்க வேண்டும், இல்லையென்றால் மேல்வரிசைப் பெரிய பல் பிளந்துவிடும். கடைசியாக, இரண்டு பக்கமும் ஓட்டை வேண்டும். ஒரே ஓட்டை இருக்கும் பந்தில் காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு மாட்டிக்கொள்வதுண்டு. கயிறு தொங்கும் பொம்மை தனிமைக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டிவிடும்.

என்ன அடைப்பது? தினசரிச் சாப்பாட்டிலிருந்தே எடுங்கள். கூடுதலாகப் போடக் கூடாது, அதுவும் லாப்ரடாருக்கு. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு ‘பிஓஎம்சி’ (POMC) என்ற மரபணுவில் சிறு பகுதி விடுபட்டிருப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். அந்த நாய்களுக்குத் தீனி மேல் நாட்டம் அதிகம். முதல் சில நாள் உலர்தீனியைத் தளர்வாகப் போட்டு, உருட்டினால் கொட்டுவது போல் கொடுங்கள். அப்புறம் உப்பில்லாத தயிர்சாதம், வேகவைத்த பூசணி, கோழிக்கறிப் பிசிறு வைத்து அடைக்கலாம். கை தேறியதும் இரவே நிரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வேலை நீளும், கோடைக்கும் நல்லது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் கூடாது. கடலை வெண்ணெய் என்றால் ‘சைலிட்டால்’ சேர்த்திருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். நாய்க்கு அது விஷம். சாயங்காலமே கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர் எறும்பு முந்திக்கொள்ளும்.

மரப் பசிலைத் தூக்கிப் போட வேண்டாம். உடைந்த மூடியை எடுத்துவிட்டு, சிலாம்பு இல்லையா என்று தடவிப் பார்த்து, மாலையில் உடன் உட்கார்ந்து விளையாட வையுங்கள். தீனி தீர்ந்ததும் அலமாரிக்குப் போய்விட வேண்டும். காலையில் கிளம்புமுன் நடையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அதில் மோப்பம் பிடிக்க அவனுக்கு நேரம் கொடுங்கள்.

இன்னொன்று. பழைய போனை ஒரு மூலையில் வைத்து, நீங்கள் கிளம்பியபின் முதல் அரைமணி நேரம் படம்பிடியுங்கள். நிரப்பிய பொம்மையைத் தின்று முடித்து, பிறகு சும்மா சோபாவுக்குப் போனால் அது சலிப்பு. மேலே சொன்னது போதும். பொம்மையைத் தொடாமல் கதவைப் பிராண்டி, எச்சில் ஒழுக, ஊளையிட்டு, நீங்கள் திரும்பி வந்த பிறகுதான் அதைத் தின்கிறான் என்றால், தனிமையே அவனுக்குப் பயம். அப்படியானால் பொம்மைக்குப் பணம் செலவழிக்காமல், அந்த வீடியோவை உங்கள் மருத்துவரிடம் காட்டி ஆலோசனை கேளுங்கள்.