கூரையில் ஓதம்: பட்டி வைக்கும் முன் மாடிக்குப் போங்கள்

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீடு கட்டி 18 வருடம் ஆகிறது. ஐப்பசி மழைக்கு அப்புறம் படுக்கையறைக் கூரையில் பழுப்புக் கறை. ஒரு பக்கம் பூச்சு உப்பி நிற்கிறது. பட்டி வைத்து, ஓதம் தடுக்கும் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?"

இப்போது வேண்டாம். கீழே எதைப் பூசினாலும் மேலிருந்து தண்ணீர் இறங்குவது நிற்காது. அது தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. உப்பிய இடத்துக்குக் கீழே கட்டில் இருந்தால் இன்றே நகர்த்துங்கள். ஃபேன் பக்கம் ஈரம் தெரிந்தால் அந்த லைனை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கறை மழைக்குத்தான் வருகிறது என்பதால் மொட்டைமாடியைப் பாருங்கள். வருடம் முழுக்க ஈரம் என்றால் குழாயையோ தொட்டியையோ சந்தேகப்பட வேண்டும். ஆனால் கறைக்கு நேர் மேலே மட்டும் தேடாதீர்கள். மாடியில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் உள்ள செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு அடுக்கில் தண்ணீர் ஊறி, எங்கேயோ நுழைந்தது எங்கேயோ இறங்கும். பெரும்பாலும் குற்றவாளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான். கோடையில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊர் வெயிலில் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. அந்த இழுபறியில் மூலை பிளக்கிறது. அடுத்தது மழைநீர்க் குழாயின் வாய். அங்கே அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுங்கள், மேலாக வெட்டினால் மறுபடி தழைக்கும்.

மூலை விரிசலையும் தட்டோட்டு இடுக்குகளையும் சுரண்டிச் சுத்தம் செய்து, வாட்டர்புரூஃப் கலந்த சிமென்ட்டால் அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கினால் வாட்டத்தையும் சரிசெய்ய வேண்டும்: 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். பழைய தட்டோட்டின் மேலேயே, வெயில் சூட்டைக் குறைக்கும் கூலிங் டைல்ஸ் ஒட்டலாம் என்பார்கள். அடியில் ஈரம் இருக்கும்போது அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எடையும் கூடும், கசிவைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமாகிவிடும். மேலே பூசும் கோட்டிங்கும் ஈரத்தளத்தில் கொப்புளம் விடும். அதனால் மாடி வேலைக்குச் சித்திரை, வைகாசிதான் தோது.

உள்வேலை கூரை நன்றாகக் காய்ந்த பிறகுதான். தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்கும் பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பி தெரிந்தால் துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூசலாம். பட்டியும் பெயிண்டும் அதற்கப்புறம். கம்பி அரித்து மெலிந்திருந்தாலோ, விரிசல் பீமில் இருந்தாலோ, கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒரு கட்டட இன்ஜினீயரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.