பின்பக்கம் பச்சையாக இருக்கும் சிடி ஒரிஜினலா?

சிடி காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் எனக்கு வரும் கடிதங்களில் படத்தின் பின்னணி இசையைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் கூடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இந்த முறை முழுக்க அவர்களுக்காக.

கேள்வி: அண்ணா, தொண்ணூறுகளில் வந்த ஒரு தமிழ்ப் படத்தின் முழுப் பின்னணி இசை, கம்பெனி வெளியீடு, சீல் உடைக்காதது என்று ஆன்லைனில் போட்டிருந்தார்கள். 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேனுங்க. பின்பக்கம் லேசாகப் பச்சை அடிக்கிறது. ஒரு இடத்தில் ஸ்கூட்டர் சத்தம்கூடக் கேட்கிறது. இது ஒரிஜினல்தானா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: இல்லை தம்பி. அந்த ஸ்கூட்டரே சாட்சி.

நம் படங்களுக்குக் கம்பெனிகள் வெளியிட்டது பெரும்பாலும் பாட்டு மட்டும்தான். ஐந்தாறு பாட்டு, அரை மணி நேரம். ஒரு சிடியில் 74 முதல் 80 நிமிடம் வரை இடம் இருக்கிறதே, அதனால்தான் இரண்டு படம், மூன்று படம் என்று சேர்த்துப் போட்டார்கள். பின்னணி இசையைத் தனியாக வெளியிட்டது மிகக் குறைவு. ஆகவே 'முழுப் பின்னணி இசை' என்று கைக்கு வருவதில் பெரும்பகுதி டிவிடியிலிருந்து ரசிகர்கள் பிரித்தெடுத்தது. டிவிடியின் 5.1 ஒலியில் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். அதை நிறுத்தினால் வசனம் குறைந்து இசை மிஞ்சும். பக்கங்களில் இருக்கும் வண்டி, மழை, காலடிச் சத்தமும் கூடவே வந்துவிடும். பி.ஏ.எல். (நம் நாட்டு டிவி முறை) டிவிடியாக இருந்தால் இன்னொரு கோளாறும் உண்டு. வினாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டியது 25 ஆக ஓடுவதால் வேகம் 4 சதவீதம் கூடும், சுருதியும் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். ஆர்மோனியம் வைத்திருப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு ரசிகர் ஆசையாக உட்கார்ந்து பிரித்தெடுத்ததை நான் குறை சொல்லவில்லை. அதையே கம்பெனி சிடி என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்குவது ஏமாற்று.

இனி சிடியைப் பார்க்கும் விதம். வாசலில் வெளிச்சத்துக்கு வந்து சாய்த்துப் பிடியுங்கள். கம்பெனியில் அச்சான சிடி பின்பக்கம் பளிச்சென்று வெள்ளியாக இருக்கும். கம்ப்யூட்டரில் எழுதின சிடியில் சாயப்பூச்சு இருப்பதால் பச்சையோ நீலமோ அடிக்கும். எழுதின பகுதியும் எழுதாத பகுதியும் இரண்டு நிறமாக, வட்டமாகப் பிரிந்து தெரியும். அடுத்து நடுத்துளையைச் சுற்றி உள்ள கண்ணாடி போன்ற வளையம். அங்கே ஒரு வரிசை எண் பொறித்திருக்கும். 1994-க்குப் பின் ஐஎஃப்பிஐ (இசை வெளியீட்டு நிறுவனங்களின் உலகச் சங்கம்) என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு குறியீடும் போடத் தொடங்கினார்கள். எழுத்து எறும்பளவுதான், பூதக்கண்ணாடி வேண்டும். அதற்கு முந்தைய சிடியில் அது இல்லையென்றால் பயப்பட வேண்டாம். இருந்துவிட்டால் மட்டும் ஒரிஜினல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பெட்டியின் முதுகு, அட்டை, சிடி மூன்றிலும் ஒரே வெளியீட்டு எண் இருக்கிறதா பாருங்கள். அட்டையில் எழுத்து ஓரங்கள் மங்கலாகத் தெரிந்தால் அது ஸ்கேன் செய்து அடித்தது.

கோயம்புத்தூரில் ஒரு பழைய கடையில் நானும் அவசரத்தில் பெட்டியைத் திறக்காமல் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து திறந்தால் சிடியின் மேல் ஒட்டுக் காகிதம், அதன் ஓரம் நகத்துக்கு உரிந்து வந்தது. அன்றிலிருந்து திறந்து காட்டாதவரிடம் வாங்குவதில்லை. ஆன்லைன் என்றால் பின்பக்கப் படமும் நடுவளையப் படமும் கேளுங்கள். தர மறுப்பவர் சரக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: விற்றவர் தமிழ்நாட்டில், நான் பாலக்காட்டு மாவட்டத்தில். புகார் கொடுக்க அங்கே போய் அலைய வேண்டுமா? (வேலந்தாவளம்)

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இது பெரிய உதவி. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பேசலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்கே எடுத்து வையுங்கள். புகார் என்றதும் முதலில் மறைவது அதுதான். வாட்ஸ்அப் குழுவில் தன் சொந்த சிடியை விற்கும் தனி ஆள் விஷயம் வேறு. அவர் வியாபாரி இல்லை என்று வாதாட இடமிருக்கிறது, ஆகவே பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதே பாதுகாப்பு.

கேள்வி: ஐயா, மாதச் சந்தா கட்டி ஆப்பில் நூற்றுக்கணக்கான பாடல்களை டவுன்லோட் செய்திருந்தேன். சந்தா முடிந்ததும் ஒன்றுகூடப் பாடவில்லை. காசு கொடுத்துத்தானே இறக்கினேன்? இன்னொன்று, 'லாஸ்லெஸ்' (தரம் குறையாதது) என்று வாங்கின ஃபைலை எப்படிச் சோதிப்பது? (கோபாலபுரம்)

பதில்: நீங்கள் கட்டினது வாடகை அம்மா, விலை இல்லை. ஆப்புக்குள் இறங்குவது பூட்டின ஃபைல். சந்தா நின்றால் சாவியும் போய்விடும். விலைக்கு வாங்குவது என்றால் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் தனியாக நிற்க வேண்டும், எந்த பிளேயரிலும் பாட வேண்டும். ஐடியூன்ஸ் கடையில் 2009 முதல் பாட்டுகள் பூட்டில்லாமல் வருகின்றன, 256 கேபிபிஎஸ் தரத்தில். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கின ஃபைல்) ஆகவே தருகிறார்கள். புதிய இசையமைப்பாளர்கள் சிலர் தங்கள் பின்னணி இசையை அங்கே நேரடியாகப் போடுகிறார்கள். ஒன்று மட்டும்: வாங்கின அன்றே இறக்கிவிடுங்கள். ஃபிளிப்கார்ட் 2012-இல் தொடங்கின பாட்டுக் கடையான ஃபிளைட், 2013-இலேயே மூடப்பட்டது. கடை போகும், ஹார்ட் டிஸ்கில் இருப்பது இருக்கும்.

சோதிக்க முதலில் அளவைப் பாருங்கள். சிடியில் 4 நிமிடப் பாட்டு சுமார் 40 எம்பி. ஃபிளாக் ஆக்கினால் தரம் குறையாமல் ஏறத்தாழ 25 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 4 எம்பிகூட வராது. ஆனால் எம்பி3-யையே ஃபிளாக் ஆக மாற்றிப் பெரிதாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைப் போடுங்கள், ஒலி எவ்வளவு உச்சம் வரை போகிறது என்பது படமாகத் தெரியும். சிடி ஒலி 22 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம். 128 கேபிபிஎஸ் எம்பி3 சுமார் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினதுபோல் நேர்கோடாக நின்றுவிடும். பழைய டேப் பதிவுகளில் உச்ச ஒலி இயல்பாகவே மங்கித் தேயும், அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். நேர்கோட்டு வெட்டுதான் குறி.

கேள்வி: ஹாலிவுட் படம் ஒன்றுக்கே மூன்று விதமான ஆல்பம் கிடைக்கிறதே, எதை வாங்குவது? (பொள்ளாச்சி கல்லூரி மாணவர்)

பதில்: படத்தில் கேட்டதுதான் ஆல்பத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 'ஜாஸ்' படத்துக்கு 1975-இல் வந்த இசைத்தட்டு, ஜான் வில்லியம்ஸ் ஆல்பத்துக்காகவே மறுபடி வாசித்துப் பதிந்தது. படத்தில் ஒலித்த பதிவு 2000-இல்தான் சிடியில் வந்தது; 2015-இல் இன்ட்ராடா நிறுவனம் இரண்டையும் சேர்த்து வெளியிட்டது. தொண்ணூறுகளின் பல ஆல்பங்கள் அரை மணி நேரமே இருப்பதற்கும் காரணம் உண்டு: அமெரிக்காவில் பதிந்த இசையை ஆல்பமாக்க வாத்தியக்காரர் சங்கத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது, நிமிடம் கூடக்கூடச் செலவும் கூடியது. முழு இசையும் வேண்டுமென்றால் இன்ட்ராடா, லா-லா லேண்ட், வரேஸ் சராபாண்ட் ஆகிய நிறுவனங்களின் வெளியீடுகளைத் தேடுங்கள். சில ஆயிரம் பிரதிகளோடு நிறுத்திவிடுவார்கள், அப்புறம் விலை ஏறும். தபால் செலவையும் சேர்த்துச் சுங்க வரி விழும், கூரியர்காரர் தன் கட்டணமும் கேட்பார். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது நல்லது.

கேள்வி: மழைக்காலத்தில் சிடி எல்லாம் பூசணம் பிடிக்கிறது. (நெம்மாறா)

பதில்: பூசணம் பெரும்பாலும் அட்டையில்தான். செங்குத்தாக அடுக்கி, சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பெட்டிக்குள் பழைய ஸ்பாஞ்ச் துண்டு இருந்தால் எடுத்தெறியுங்கள், அது நாளாக நாளாக உருகி சிடியில் ஒட்டிக்கொள்ளும். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக. எழுத்துப் பக்கத்தில் கீறல் விழாமல் பார்ப்பது ரொம்ப முக்கியம், ஒலி பதிந்த படலம் அந்தப் பக்கத்துக்கு ஒட்டியே இருக்கிறது. கம்ப்யூட்டரில் மாட்டும் யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்று வாங்கி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் கொண்டு ஃபிளாக் ஆக எடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் எம்.எஸ்.வி.யின் பழைய பாட்டுகளை எந்தப் பதிப்பில் வாங்கலாம்? (எலப்புள்ளி)

பதில்: அவர் பிறந்த மண்ணிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மனம் நிறைந்துவிட்டது. அறுபதுகளின் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. பின்னாளில் சிலர் அதன்மேல் புதிய தாளமும் எதிரொலியும் ஏற்றி விற்றார்கள். அட்டையில் ஜங்கார், டிடிஎஸ் என்று கண்டால் வைத்துவிடுங்கள். ஹெட்போனில் ஒவ்வொரு காதாக மாற்றிக் கேளுங்கள். உண்மையான மோனோவில் இரண்டு காதிலும் ஒரே ஒலிதான். ஒரு காதில் கனமும் மறு காதில் சன்னமுமாகப் பிரிந்தால் அது பிறகு செய்த வேலை. சுத்தமான மோனோவில் தபேலாவுக்கும் குரலுக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளி அப்படியே கேட்கும்.