வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் படத்துக்குள் மறைத்த செய்தி அழிவது ஏன்?

தம்பி, உங்க பைத்தான் நிரல்ல தப்பு இல்லை. ஒகேனக்கல் அருவிப் படத்துக்குள்ள செய்தியை ஒளிச்சு, தரம் குறையாம சேமிக்கிற பிஎன்ஜி (PNG) படமா சேமிச்சிருக்கீங்க. தர்மபுரியில உங்க லேப்டாப்ல சரியா வருது, ஓசூர் நண்பர் வாட்ஸ்அப்ல வாங்கித் திறந்தா செய்திக்குப் பதிலா அர்த்தமில்லாத எழுத்துதான் வருதுன்னு எழுதியிருக்கீங்க. கோளாறு அனுப்புற வழியில.

படத்தோட ஒவ்வொரு புள்ளியிலயும், அதாவது பிக்சல்லயும், சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண். அந்த எண்ணை 0, 1ஆ எழுதினா வர்ற கடைசி இலக்கத்துல, அதாவது கடைசி பிட்லதான் செய்தியை வெச்சிருக்கீங்க. 182 இருந்த இடத்துல 183 வந்தா யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் அதை ஜேபெக்கா (JPEG) சுருக்கிடும். ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களா பிரிச்சு, கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கத்தைத்தான் முதல்ல கழிக்கும். நீங்க ஒளிச்ச இடமே அதுதானே! 183 அங்க 180ஆவும் வரலாம், 184ஆவும் வரலாம்.

அதனால 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க, பைட் மாறாம போகும். ரெண்டு பக்கமும் கோப்போட கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 (SHA-256) குறியீட்டை எடுத்து ஒப்பிட்டா உறுதியாயிடும். வீடியோவுக்கும் இதே கதைதான், எச்.264ங்கிற வீடியோ சுருக்க முறையில மறுபடி சுருக்கினா கடைசி பிட் எல்லாம் போச்சு.

அருவிப் படத்தை எடுத்தது நல்ல தேர்வு. ஆனா வானம் வர்ற மேல்பகுதியை விட்டுடுங்க, சமமான நிறத்துல மாற்றம் புள்ளியியல் சோதனையில சுலபமா மாட்டும். நுரையும் பாறையும் இருக்கிற பகுதியில வைங்க. அதுக்கு முன்னாடி செய்தியை ஏஇஎஸ் (AES) மறையாக்க முறையில பூட்டிடுங்க, ஒளிச்சதை யாராவது கண்டுபிடிச்சாலும் படிக்க முடியாது. மூலப் படத்தை மட்டும் எங்கேயும் பகிராதீங்க. ரெண்டையும் ஒப்பிட்டா எந்த பிட் மாறியிருக்குன்னு உடனே தெரிஞ்சிடும்.