எச்-இண்டெக்ஸ் பார்த்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கலாமா?

வணக்கம். செவிப்புல நரம்பியலில் பிஎச்டி செய்ய, எச்-இண்டெக்ஸ் 60 உள்ள பேராசிரியரா, 22 உள்ளவரா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்ற ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கின்றன என்பதை வைத்து, 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த அளவு அது. 22 என்றால், தலா 22 மேற்கோளாவது பெற்ற 22 கட்டுரைகள், அவ்வளவுதான். ஒரு கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றாலும் ஒன்றாகத்தான் சேரும். டேவிட் கெம்ப் 1978-இல், காதே மெல்லிய ஒலி எழுப்புகிறது என்று காட்டினார். பச்சிளங்குழந்தைகளின் செவித்திறன் சோதனையில் ஒரு முக்கிய முறை அதிலிருந்துதான் பிறந்தது. அந்தக் கட்டுரையின் கனம் இந்த எண்ணில் தெரியவே தெரியாது.

அப்புறம், மேற்கோள்களை எண்ணும் தளங்களில், கூகுள் ஸ்காலர் காட்டும் எச்-இண்டெக்ஸ் பெரும்பாலும் ஸ்கோபஸ் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கும். இருவரையும் ஒரே தளத்தில் ஒப்பிடுங்கள். வயதில் மூத்தவருக்கு எண் தானாகவே ஏறியிருக்கும். கடந்த ஐந்து வருடங்களில் அவர்களுடைய மாணவர்கள் முதல் ஆசிரியராக, அதாவது பெயர் வரிசையில் முதலாவதாக, எழுதிய கட்டுரைகளை எடுத்துப் படியுங்கள். நானாக இருந்தால் அதை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.