புதுப் பீடச் சிறுவர்களைப் பழக்குவது எப்படி?

புதுநன்மை (முதல் முறையாக நற்கருணை அப்பம்) வாங்கிய பிள்ளைகள் பத்துப் பேர் பீடப்பணிக்கு, அதாவது பூசையில் குருவுக்குப் பக்கத்தில் நின்று உதவும் வேலைக்கு, பெயர் கொடுத்திருக்கிறார்கள், எப்படிப் பழக்கி, பாதியில் விட்டுப் போகாமல் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் நாளே திருப்பலி (பூசை) ஒழுங்கைத் தாளில் அடித்துக் கொடுக்காதீர்கள். ஆளில்லாத கோவிலில் நான்கு சனிக்கிழமை, முக்கால் மணி நேரம் போதும். முதல் வாரம் நடை, வணக்கம், முழந்தாளிடுதல் மட்டும். அங்கி கணுக்காலுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கட்டும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று நீளமாகத் தைத்தால், எழும்போது முன்பக்கத்தை மிதித்துப் பீடப்படியிலேயே விழுவான்.

இரண்டாம் வாரம், பூசைக்கான திராட்சை இரசமும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பது. பிள்ளைகள் குப்பியின் கைப்பிடியைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். சாமி (குரு) கைக்கு வழுக்கும் கண்ணாடிதான் மிஞ்சும். அடியைத் தாங்கிப் பிடித்து, கைப்பிடியைச் சாமி பக்கம் திருப்பி, மூடியை முன்பே எடுத்துவிட்டு நீட்டச் சொல்லுங்கள். கைகழுவத் தண்ணீர் விடும்போது மூன்றே சொட்டு விடுவான், இல்லையென்றால் சட்டை நனையக் கொட்டுவான். வெளியே குழாயடியில் ஒருவர் கைக்கு ஒருவர் ஊற்றிப் பழகட்டும்.

மணி அடிப்பதற்கு ஒரே விதி: கண் சாமியின் கையில் இருக்க வேண்டும். காணிக்கைப் பொருள்கள் மேல் கைகளை நீட்டும்போது ஒருமுறை, அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை. புதியவன் பக்கத்தில் பழைய பையன் ஒருவன் இருந்து முழங்கையைத் தொட்டால் போதும்.

தூபக்கலசம் கடைசியில்தான். சிரட்டைக்கரி மூன்று துண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே பற்றவைத்து மேலே சாம்பல் பூக்க விடுங்கள். சாம்பிராணி அரைக் கரண்டி. அள்ளிப் போட்டால் உருகித் தணலை மூடிவிடும். மூடியை இறக்கி ஆட்டாமல் வைத்தாலும் காற்றில்லாமல் அணையும். நற்கருணை, நற்செய்தி நூல், குரு, மக்களுக்கு மூன்று வீச்சு. புனிதர் சுரூபத்துக்கு (சிலைக்கு) இரண்டு. உவரி, இடிந்தகரை மாதிரிக் கடற்கரை ஊர்களில் சப்பரப் பவனிக்குத் திறந்த மெழுகுவர்த்தி நிற்காது, கண்ணாடிக் கூடு போட்டுவிடுங்கள்.

மயக்கம் போடுவது பெரும்பாலும் வெறும் வயிற்றால். நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று ஆச்சிமார் இன்னும் சொல்வார்கள். 1964 முதல் நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை சாப்பிடலாம். தண்ணீருக்குத் தடையே இல்லை. திருவிழாப் பூசை என்றால் வீட்டிலேயே ஒரு பழம் தின்றுவிட்டு வரட்டும். முழங்காலை விறைத்து நிற்கவும் விடாதீர்கள்.

பிள்ளைகள் விட்டுப் போவதற்குக் கஷ்டமான வேலை காரணமில்லை. சபைக்கு முன்னால் விரலைச் சொடுக்கி, கண்ணை உருட்டினால் அடுத்த ஞாயிறு வரமாட்டான். தப்பைப் பூசை முடிந்தபின், தனியாக, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். தனியாக என்றால் கதவு திறந்திருக்க, இன்னொரு பெரியவர் கண்ணில் படுகிற இடத்தில். முதலில் கூட்டமில்லாத வாரநாள் பூசையில் பணிக்கு நிறுத்துங்கள். முறைப் பட்டியலை வியாழக்கிழமையே ஒட்டிவிடுங்கள். தூபக்கலசம் எப்போதும் உபதேசியார் (கோவிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) மகனுக்கே போனால் மற்றவர்கள் வெறுத்துப் போவார்கள்.

பீடச் சிறுவர்களின் பாதுகாவலர் புனித தார்சீசியுஸ் நாள் ஆகஸ்ட் 15. அன்று மாதா விண்ணேற்புத் திருவிழாவில் இவர்களுக்குத்தான் அதிக வேலை. பீடச் சிறுவர் தினத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.