சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் தாக்குதல் ஆட்டம் தேறுகிறதா?

வியாசர்பாடி டீக்கடையில் ஒரு தரப்பு "தேறிடுச்சு", இன்னொரு தரப்பு "சும்மா கதை" என்கிறது, எப்படி முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு மேட்சில் மூன்று கோல் விழுந்தால் மட்டும் நம்பாதீர்கள். பெனால்டியில் வந்த கோலைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பெனால்டி நான்கில் மூன்று உள்ளே போய்விடும். அதை வைத்துத் தாக்குதலை எடைபோட முடியாது. பாக்ஸுக்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் எத்தனை ஷாட், அதில் ஆள் மறைக்காமல் அடித்தது எத்தனை என்பதுதான் கணக்கு. முப்பது கஜத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதெல்லாம் ஷாட் எண்ணிக்கையைத்தான் ஏற்றும்.

2019-20 சீசன் நல்ல உதாரணம். தொடக்கத்தில் கோலுக்கே பஞ்சம். நடுவில் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்தார். நடுக்கள வீரர் கிரிவெல்லாரோ பந்தைப் பிரித்துக் கொடுக்க, ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். அணி ஃபைனல் வரை போனது. அது நிஜமான முன்னேற்றம், வாரக்கணக்கில் தொடர்ந்தது. அடுத்த சீசனில் வால்ஸ்கிஸ் ஜம்ஷெட்பூர் அணிக்குப் போனார், சென்னை அணி 20 மேட்சில் அடித்தது 17 கோல்தான்.

அதனால் ஐந்தாறு மேட்சாவது சேர்த்துப் பாருங்கள். எதிரணி யார் என்பதையும்தான். கடைசி இடத்து அணியிடம் அடித்ததை வைத்துச் சவால் விட்டால், சரி, டீக்காசு உங்கள் தலையில்தான்.